ஏழு வீட்டு உறைமோர்

மலையடியில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குக் குரு ஒரு பெண். பெயர் செங்கமலம். வயது முப்பத்தாறு. ஊரில் எல்லாருக்கும் அவர் மடத்தம்மா.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சீடர். பெயர் குழந்தைவேலு, வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் அந்த ஊருக்குத் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே சைக்கிளை மடத்து வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, "எனக்கும் ஏதாவது சொல்லிக் கொடுங்கம்மா" என்று வந்து நின்றார்.

"முதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றார் குரு.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் போனோடு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"பால் கறந்தாச்சா?"

"கறந்தாச்சு."

"நேத்து உறை ஊத்தின தயிரு?"

"அதை ஏன் கேக்கீங்க. இன்னைக்கும் நூல் நூலா இழுக்குது. லேசா கசக்கவும் செய்யுது. வெயில் காலம்லா, அப்படித்தான் இருக்கும். என் கேள்வி அது இல்லம்மா."

"கேளுங்க."

"போன்ல வர்ற செய்தியை நம்பலாமா, கூடாதா?"

"எந்தச் செய்தி?"

அவர் போனை நீட்டினார். ஒரு ஊரில் மூன்றரை மாதத்து ஊசி போட்ட இருபது குழந்தைகள் கண்ணே திறக்கவில்லையாம். உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுங்கள், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று சிவப்பு எழுத்தில் மூன்று தடவை போட்டிருந்தது.

"நாளைக்குப் புதன்கிழமை" என்றார் குழந்தைவேலு. "அங்கன்வாடியில ஊசி. எம் மக பேச்சியோட பிள்ளைக்கு மூணரை மாசம். 'அப்பா, நீங்க போடச் சொன்னா போடுதேன், வேண்டாம்னா விட்டுருதேன்'னு உக்காந்திருக்கா. சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"ஒருத்தர் சொன்னா நம்பிருவேனாம்மா? எனக்கும் அம்புட்டு அறிவு இருக்கு. ஞாயித்துக்கிழமை முதல்ல வந்தப்போ நானே நம்பல. இப்போ ஏழு பேர் அனுப்பியிருக்காங்க. ஏழு வீடு! இசக்கிமுத்து வீட்டுக்கும் கணபதி வீட்டுக்கும் வேலித் தகராறு, நாலு வருஷமாப் பேச்சே கிடையாது. அந்த ரெண்டு வீடும் ஒரே விஷயத்தைச் சொல்லுதுன்னா என்னம்மா அர்த்தம்?"

குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அந்த ஏழு வீட்டுலயும் தயிர் இருக்குமா?"

"தயிர் இல்லாத வீடு உண்டாம்மா?"

"அப்ப ஏழு வீட்டுலயும் ஒவ்வொரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வாங்க. கலந்துராம தனித்தனியா. நல்லதாப் பார்த்து நம்ம பாலுக்கு ஊத்துவோம்."

"என் கேள்வி?"

"அது இங்கயே இருக்கட்டும். அது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?"

குழந்தைவேலு ஏழு சின்ன டப்பாக்களைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, வீட்டுக்காரர் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதினார். முப்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

முதலில் இசக்கிமுத்து வீடு. அவர் மனைவி வள்ளிமயில் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

"என்ன மாமா, மடத்துலயே தயிருக்குப் பஞ்சமா? ரெண்டு மாட்டுப் பாலையும் நீங்களே குடிச்சுத் தீர்த்துட்டீங்களா?"

"தயிர் சரியில்லம்மா. உறைக்கு ஒரு கரண்டி ஊத்து."

ஊற்றினாள். "நாளைக்கு நாங்க ஊசிக்குப் போகல மாமா. அந்தச் செய்தியைத்தான் பார்த்தீங்கல்லா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

தையல்காரர் வீடு, செல்லத்தாய் வீடு, கணபதி வீடு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் ஒரு கரண்டி மோர் கிடைத்தது. கூடவே அந்தச் செய்தியும் கிடைத்தது. வடக்குத் தெருவில் பூரணம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளை வேகமாக மிதித்தார். அந்த அம்மாள் வாயில் விழ ஊரில் யாருக்கும் ஆசை கிடையாது. அவளும் அப்படித்தான், அடுத்த வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கேட்டதில்லை.

மத்தியானம் மடத்துக்குத் திரும்பினார். குரு ஒவ்வொரு டப்பாவிலும் விரலை விட்டு எடுத்தார். ஏழிலும் நூல் இழுத்தது. ஏழிலும் லேசான கசப்பு.

குழந்தைவேலுவுக்கு ஒரே சந்தோஷம்.

"நான் அப்பமே சொன்னேன்லா! ஊர் முழுக்க இப்படித்தான். நம்ம மேல தப்பே இல்ல. வெயிலுதான்."

"வெயிலா?"

"பின்ன? ஏழு வீட்டுக்காரங்களும் சொல்லி வச்சா கெடுப்பாங்க?"

"இந்த ஏழு வீட்டுக்கும் உறை எங்கயிருந்து வந்துச்சு?"

"அதை நான் கேக்கலியே."

"கேட்டுட்டு வாங்க."

"இந்த வெயில்லயாம்மா?"

"தபால் கொடுக்கையில வெயில் பார்த்தா போனீங்க?"

மறுபடியும் சைக்கிள். கணபதி வீட்டில், "எங்களுக்குச் செல்லத்தாய் மதினி கொடுத்தா" என்றார்கள். செல்லத்தாய், "தையல்காரர் வீட்டுல வாங்கினேன்" என்றாள். மற்ற மூன்று வீடுகளும் தையல்காரர் வீட்டைத்தான் கைகாட்டின. தையல்காரர் மனைவி, "பக்கத்து வீட்டு வள்ளிமயில்தான் கொடுத்தா" என்றாள். நாலு வருஷமாகப் பேச்சில்லாத இரண்டு வீட்டுக்கு நடுவில், சத்தமில்லாமல் ஒரே தயிர் போயிருந்தது.

வள்ளிமயில் பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"என்ன மாமா, விளையாடுதீங்களா? பவுர்ணமி அன்னைக்குப் பூனை எங்க தயிர்ச் சட்டியை உருட்டிருச்சுன்னு சொன்னேன். நீங்கதானே மடத்துலருந்து ஒரு தூக்குல கொண்டாந்து கொடுத்தீங்க!"

குழந்தைவேலு வாசலிலேயே நின்றார். ஏற எடுத்த சைக்கிளுக்கு மறுபடி ஸ்டாண்டு போட்டார்.

"ஏம்மா வள்ளி, அந்த ஊசிச் செய்தி. அது உனக்கு யாரு அனுப்பினா?"

"மாமா, உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சு. உள்ள வந்து தண்ணி குடிங்க."

"சொல்லு தாயி."

"நீங்கதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

போனை எடுத்துக் காட்டினாள். காக்கிச் சட்டையில் அவர் படம். அதன் பக்கத்தில் அந்தச் செய்தி. அதற்குக் கீழே அவரே எழுதிய ஒரு வரி: 'இது உண்மையா?'

"நீ இதை யாருக்கு அனுப்பினே?"

"தையல்காரர் வீட்டு அக்காவுக்கு. அது ஊரைச் சுத்தி எங்க வீட்டுக்காரருக்கே திரும்பி வந்து, அவரும் உங்களுக்கு அனுப்பினாரு."

"கீழ நான் கேட்டிருக்கேனே, அதையும் சேர்த்தா?"

"அது எதுக்கு? 'தபால்காரர் மாமாவே அனுப்பியிருக்காங்க'ன்னு எழுதி அனுப்பினேன்." வள்ளிமயில் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "முப்பது வருஷத்துல ஒரு தபாலைத் தப்பாக் கொடுத்திருக்கீங்களா நீங்க?"

அவர் தன் போனையும் அவள் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் அனுப்பியதில் பன்னிரண்டு குழந்தைகள். அவருக்குத் திரும்பி வந்ததில் இருபது.

மடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். குரு தயிர்ச் சட்டியைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போய் நின்னுச்சு?"

"இங்கதான். நான் கொடுத்த மோருதான் சுத்தியிருக்கு."

"வேற?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"செய்தியும் நான் கொடுத்ததுதான்."

குரு சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.

"அப்போ அந்தச் செய்தி பொய்யாம்மா?"

"எனக்குத் தெரியாது."

"நீங்களே இப்படிச் சொன்னா நான் யாருகிட்டப் போவேன்?"

"நான் மாடு கறக்கிறவ. ஊசியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" குரு கீழே கிடந்த டப்பா ஒன்றை எடுத்தார். "இதுல எதுக்குத் தெருவும் கதவு நம்பரும் எழுதினீங்க?"

"கொண்டாந்தது எங்கேன்னு தெரிய வேண்டாமாம்மா? மோர் சரியில்லைன்னா திரும்பப் போய்க் கேக்கணும்லா."

"விலாசத்துல ஆள் இல்லாத கடுதாசியை என்ன பண்ணுவீங்க?"

"அனுப்பினவங்களுக்கே திருப்பிருவோம்."

"அப்ப இதையும் திருப்பிருங்க" என்று போனைக் காட்டினார் குரு.

குழந்தைவேலு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அனுப்பியவன் தங்கை மகன். அவனைக் கூப்பிட்டார். "எனக்கு எங்க கம்பெனி குரூப்ல வந்துச்சு மாமா" என்றான். அதில் போட்டது யார் என்று கேட்டதற்கு, விசாரித்துவிட்டுச் சொன்னான்: "அவருக்கு அவங்க அபார்ட்மெண்ட் குரூப்ல யாரோ போட்டாங்களாம். விடுங்க மாமா, இதையெல்லாம் யாரு பாத்துக்கிட்டு இருப்பா."

செய்தியை மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தார். 'ஒரு ஊரில்' என்று இருந்தது. எந்த ஊர் என்று இல்லை. 'ஒரு டாக்டர் சொன்னார்' என்று இருந்தது. பெயர் இல்லை. என்றைக்கு நடந்தது என்று இல்லை. கடைசியில் கையெழுத்துப் போல ஒரு கும்பிடும் கை மட்டும் இருந்தது.

முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறார்! கல்யாணத்தைக் கெடுக்க எழுதியது, வேலையைக் கெடுக்க எழுதியது. கடித உறையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"மொட்டைக் கடுதாசி" என்றார், தனக்குத்தானே.

குரு கேட்டார்: "நாளைக்கு ஊசி போடுறது யாரு?"

"சகாயமேரி நர்ஸம்மா."

"விலாசம்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பச்சை கேட்டு வீடு. ஒன்பது வருஷம் நான்தானே அந்த வீட்டுக்குத் தபால் கொடுத்தேன்."

"வெயில் தாழ்ந்துருச்சு" என்றார் குரு. "வரும்போது பூரணம் வீட்டுல ஒரு கரண்டி உறை வாங்கிட்டு வாங்க."

"அந்தம்மாவா? ஏசுமேம்மா!"

"ஏசட்டும்."

சகாயமேரி கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கிப் பார்த்ததும், "எனக்கும் இது வந்துச்சு தபால்காரரே" என்றார். "எந்த ஊர்னு நானும் தேடினேன். ஊரே இல்ல. எங்க பெரிய டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். அப்படி எங்கேயும் நடந்ததாத் தகவல் இல்லைன்னாங்க."

"அப்ப ஊசி போட்டா ஒண்ணுமே ஆகாதா?"

"அப்படி நான் எப்படிச் சொல்லுவேன்? ராத்திரி காய்ச்சல் வரும். தொடை வீங்கும். பிள்ளை வீரிட்டு அழும், உங்களை ஒரு பொட்டுத் தூங்க விடாது. எங்கேயோ ஒரு பிள்ளைக்கு அதுக்கு மேலயும் வரலாம். அதுக்குத்தான் போட்ட பிறகு அரைமணி நேரம் யாரையும் எழுந்திருக்க விடாம, மருந்துப் பெட்டியோட நானும் கூடவே உக்காந்திருக்கேன். வியாழக்கிழமையும் வருவேன். எதுன்னாலும் என்கிட்ட வாங்க."

குழந்தைவேலு மகள் வீட்டுக்குப் போனார். பேச்சி வாசலிலேயே நின்றாள்.

"என்னப்பா, போடலாமா?"

"போடலாம்."

"அப்ப அந்த இருபது பிள்ளைங்க?"

"அது யாரு எழுதினதுன்னு தெரியல. தெரியாமலே ஊருக்கெல்லாம் கொடுத்தது உங்கப்பன்."

அங்கிருந்து ஏழு வீட்டுக்கும் போனார். ஏழு வீட்டிலும் அதையே சொன்னார். தையல்காரர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பிறகு எதுக்கு அண்ணாச்சி அனுப்பினீங்க? ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

அதையும் நின்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளினார்.

வடக்குத் தெருவில் பூரணம் உறை கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், மடத்துக்காரர்களுக்குப் பாத்திரம் கழுவத் தெரியாது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். கொடுத்த பிறகு, "புளிச்சுதுன்னா எங்கிட்ட வந்து சொல்லும், சும்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதேயும்" என்று அதற்கு மேலேயும் கொஞ்சம் ஏசினாள்.

வியாழக்கிழமை குழந்தைவேலு மடத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கண் சிவந்திருந்தது.

"தூக்கம் இல்லையோ?"

"பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல். விடியவிடிய அழுகை. நர்ஸம்மா கொடுத்த மருந்தைக் கொடுத்தோம். காலையில இறங்கிருச்சு. இப்போ பேச்சி மடியில கிடந்து சிரிக்குது."

"மத்தப் பிள்ளைங்க?"

"ஊர்ல அஞ்சு பிள்ளைக்குப் போட வேண்டியது. நாலு வந்துச்சு."

"பாக்கி ஒண்ணு?"

"கணபதி மருமக வரல. நான் போய் நின்னேன். 'நீங்க ஞாயித்துக்கிழமை அனுப்பினதை நம்பணுமா, இப்போ சொல்லுததை நம்பணுமா'ன்னு கேட்டா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நர்ஸம்மாவை அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போனேன். அடுத்த புதன்கிழமை பார்ப்போம்னு சொல்லியிருக்கா."

குரு ஒரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் தயிர். கரண்டியால் வெட்டி வைத்தது போல நின்றது. குழந்தைவேலு ஒரு வாய் சாப்பிட்டார். நூல் இல்லை. கசப்பு இல்லை.

"பூரணம் வீட்டு உறையா?"

"ஆமா."

தம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஊசி விஷயம் முடிஞ்சுது. ஆனா நான் கேட்ட கேள்வி இங்கயேதான் கிடக்கு. நாளைக்கு இன்னொரு செய்தி வரும். ஊசியா இருக்காது, மழையா இருக்கும், மாத்திரையா இருக்கும். எதை நம்புறது, எதைத் தள்ளுறதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ராத்திரி பிள்ளை அழுதுச்சே. பேச்சி என்ன செஞ்சா?"

"என்ன செஞ்சா? விடிஞ்சதும் பிள்ளையைத் தூக்கிட்டு நேரா அங்கன்வாடிக்குப் போய்ட்டா. நர்ஸம்மாவைப் பிடிச்சு ஏசின ஏச்சு இருக்கே! அந்தம்மா அம்புட்டையும் நின்னு கேட்டுச்சு. பிறகு பிள்ளையை வாங்கித் தொடையைப் பார்த்து, துணி நனைச்சு வச்சு, மருந்து அளவு சொல்லி அனுப்பிச்சு."

"பிறகு?"

"பிறகு வீட்டுக்கு வந்து என்னை ஏசினா. நானும் நின்னு கேட்டேன்."

"அந்தச் செய்தியை எழுதினவனை?"

"அவனை எங்கம்மா போய்த் தேடி ஏசுறது?"

சொல்லிவிட்டுத் தம்ளரை மறுபடி கையில் எடுத்தார்.

சட்டைப்பையில் போன் டொக்கென்றது. குழந்தைவேலு எடுத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார். "அம்மா, இதைக் கேளுங்க" என்று நிமிர்ந்தார்.

குரு மாட்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கேக்கேன். முதல்ல பாருங்க, யாரை ஏசணும்னு அதுல போட்டிருக்கா?"